இன்சுலின் தட்டாமலே திறக்கும் கதவு

புதுச்சேரி தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லும் மல்லாட்டையும் வந்து இறங்கும் பருவம். லாரியின் பின்பக்கம் முதுகைக் கொடுத்து நிற்கிறார் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி. மேலே நிற்பவர்கள் மூட்டையைச் சரித்து அவர் முதுகில் விடுகிறார்கள். முழங்கால் ஒரு கணம் மடங்கி நிமிர்கிறது. தொடை இறுகுகிறது, கெண்டைக்கால் திரண்டு எழுகிறது, அடுத்த நொடி அடி எடுத்து வைத்துவிட்டார். காலையில் சாப்பிட்ட நாலு இட்லி சர்க்கரையாகி அவர் ரத்தத்தில் வந்துகொண்டிருக்கிறது. வந்த வேகத்திலேயே தொடைக்குள்ளும் கெண்டைக்காலுக்குள்ளும் இறங்கி எரிந்துபோகிறது.

அதே நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் உடம்பிலும் அதே சர்க்கரை வருகிறது. அது ரத்தத்திலேயே வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இருவர் சாப்பாடும் ஒன்றுதான். சாப்பிட்ட பிறகு கால்கள் என்ன செய்தன என்பதில்தான் வேறுபாடு.

புதுச்சேரியில் இந்த வேறுபாட்டைப் பற்றிக் கொஞ்சம் கவலையோடு பேச வேண்டியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரைச் சோதித்த ஆய்வு அது. நீரிழிவு உள்ளவர்களின் நாட்டுச் சராசரி 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4. புதுச்சேரியிலோ 26.3! கோவா மட்டும் 0.1 கூடுதலாக, 26.4 சதவீதத்தோடு முதலிடத்தில் நின்றது. இருபது வயதைத் தாண்டிய நாலு பேரைத் தெருவில் பார்த்தால் அதில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கணக்கு. தட்டாஞ்சாவடியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் மாத்திரை டப்பா ஒன்று சாமி மாடத்துப் பக்கத்திலோ, டிவி மேசையிலோ இருப்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

இவ்வளவு பேரைப் படுத்தும் சர்க்கரை ரத்தத்தில் எவ்வளவுதான் இருக்கிறது? ஆரோக்கியமான ஒருவரின் மொத்த ரத்தத்திலும் சுமார் 5 கிராம். ஒரு டீஸ்பூன் அளவு, அவ்வளவே. ஒரு வேளைச் சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரை அதைப்போல் பத்து மடங்குகூட இருக்கலாம். அத்தனையும் ரத்தத்துக்குள் வந்துபோயும் அந்த ஒரு டீஸ்பூன் அளவு பெரிதாக மாறக் கூடாது. அதனால் வருவதை வருவதை உடனுக்குடன் எங்காவது அனுப்பியாக வேண்டும்.

எங்கே அனுப்புவது? கல்லீரலில் சுமார் 100 கிராம் இடம் இருக்கிறது. தசைகளில் அதைப்போல் நாலு மடங்கு. உடம்பிலேயே பெரிய சர்க்கரைக் கிடங்கு தசைதான். இன்சுலின் தன் வேலையைச் செய்யும்போது ரத்தத்திலிருந்து இறங்கும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. கிடங்கு காலியாக இருந்தால் புதுச் சரக்கை உடனே வாங்கிக்கொள்ளும். நாள் முழுக்க அசையாதவரின் கிடங்கிலோ நேற்று வந்த மூட்டையே இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கிறது. வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. விற்பனைக்கூடத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

கிடங்குக்குள் போகும் வாசலைப் பற்றித்தான் விளக்க வேண்டும். தசைச் செல்லின் சுவரில் சர்க்கரை தானாக நுழைய முடியாது. அதை உள்ளே அனுப்பும் புரதம் ஒன்று இருக்கிறது. குளூட்-4 என்று பெயர். ஓய்வில் இருக்கும்போது இந்தப் புரதங்கள் செல்லின் உள்ளே சிறு பைகளில் அடைந்து கிடக்கும். சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது செல்லின் வெளிச்சுவரைத் தட்டுகிறது. உள்ளே ஒருவர் மாற்றி ஒருவராகச் செய்தி போகிறது. பைகள் நகர்ந்து வந்து சுவரோடு சேர்கின்றன, வாசல் திறக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் கெட்டுப்போவது இந்தத் தட்டலும் செய்தியும். இன்சுலின் இருக்கிறது, தட்டவும் தட்டுகிறது, உள்ளே சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் கூடுதலாகச் சுரந்து இன்னும் பலமாகத் தட்டிப் பார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் தட்டிக் களைத்துப்போகிறது.

ஆனால் அதே வாசலுக்கு இன்னொரு வழியும் உண்டு. தசை சுருங்கி விரியும்போது அதற்குள் கால்சியம் பாய்கிறது, சேமித்த ஆற்றல் செலவாகிறது. ஆற்றல் குறைவதைக் கண்டு ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இந்தச் சமிக்ஞைகளும் குளூட்-4 பைகளைச் சுவருக்குத் தள்ளுகின்றன. வெளியே இன்சுலின் வந்து தட்டினாலும் தட்டாவிட்டாலும், உள்ளிருந்தே கதவு திறக்கிறது. முக்கியமான செய்தி என்னவென்றால், இன்சுலினுக்குச் செவிசாய்க்காத நீரிழிவுக்காரரின் தசையிலும் இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது. நோய் முற்றிய பிறகும் ஒரு கதவு அவர் கைவசம், அதாவது கால்வசம், மிச்சமிருக்கிறது.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் இருவர் உண்டு. ஷோவோ, காவ்ஃப்மான் என்ற அந்த ஆய்வாளர்கள் 1887இல் ஒரு குதிரையை எடுத்துக்கொண்டார்கள். அது தீவனம் மெல்லும்போது வேலை செய்யும் வாய்ப்பகுதித் தசைக்குள் போகிற ரத்தத்தையும், அதிலிருந்து வெளியே வருகிற ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். சும்மா இருக்கும்போது எடுத்துக்கொண்டதைவிட, மெல்லும்போது அந்தத் தசை பல மடங்கு சர்க்கரையை எடுத்துக்கொண்டது. இன்சுலின் என்ற பொருளையே உலகம் அறியாத காலம் அது. அதைக் கண்டுபிடிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்சுலின் ஊசி வந்த சில ஆண்டுகளிலேயே, 1926இல், லண்டன் மருத்துவர் ஆர்.டி. லாரன்ஸ் இன்னொன்றைப் பதிவு செய்தார். ஊசி போட்டபின் உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை இன்னும் வேகமாக இறங்குகிறது. லாரன்ஸே நீரிழிவுக்காரர். இன்சுலினால் உயிர் தப்பியவர். ஆகவே அவர் எழுதியதில் சொந்த அனுபவத்தின் கவனமும் சேர்ந்திருந்தது.

நடந்து முடித்ததும் கதவு சட்டென்று மூடிவிடுவதில்லை. காலியான கிடங்கை நிரப்பிக்கொள்ளத் தசை அடுத்த ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரைகூட இன்சுலினுக்கு நன்றாகவே செவிசாய்க்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் நடங்கள் என்று சொல்லும் மருத்துவர்கள் கூடவே, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாரக் கணக்கை முடித்துவிடுகிறவருக்கு வியாழனும் வெள்ளியும் அந்த நன்மை இல்லாமலே கழிகின்றன.

எப்போது நடப்பது என்ற கேள்விக்கு நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்திலிருந்து 2016இல் ஒரு நல்ல பதில் வந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேர். முதலில் தினமும் விரும்பிய நேரத்தில் 30 நிமிடம் நடந்தார்கள். பிறகு அதையே மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தார்கள். (சிலருக்கு இந்த வரிசை மாற்றப்பட்டது.) மொத்த நேரம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தபோது, அப்போது ஏறும் சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம் குறைவு. மாவுச்சத்தை அதிகம் சாப்பிட்டதும், அதன்பின் அதிகம் உட்கார்ந்திருந்ததும் அந்த வேளையில்தான்.

இரவு எட்டரைக்குச் சப்பாத்தியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் சாய்கிற தட்டாஞ்சாவடிக் குடும்பத்துக்கும் அந்த நேரம்தான் பொருத்தம். உணவுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறத் தொடங்கும்போதே தசை வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் உச்சி கூர்மையாக எழும்புவதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து மலையாக நிற்பது மேடாகத் தணிகிறது. உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு மெல்போர்னில் நடந்த இன்னொரு ஆய்வு உதவும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டே நிமிடம் மெதுவாக நடந்தவர்களுக்கு, அசையாமல் உட்கார்ந்திருந்ததை ஒப்பிட, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தில் சுமார் கால்பங்கு குறைந்தது. அலுவலகத்தில் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காமல் வராந்தாவின் கோடியில் வைப்பதுகூடச் சிகிச்சைதான்.

நம்மூர்ச் சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 2006இல் முடிவுகளை வெளியிட்டது. ‘பார்டர்ல இருக்கு’ என்று மருத்துவர் சொல்லும் நிலையில் இருந்த 531 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடும் தினமும் 30 நிமிட வேக நடையும். மூன்றாவதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, நான்காவதுக்கு இரண்டும். மூன்று ஆண்டில் முதல் குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்தவர்களில் 39.3 சதவீதம். மாத்திரைக் குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்தவர்களுக்கும் 39.5தான். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்குச் சமமாக நின்றன.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத இரண்டு செய்திகள் உண்டு. நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மெஷினில் முள் நகரவில்லை என்று இரண்டாம் மாதத்திலேயே நடையை விட்டுவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். முள் நகராவிட்டாலும் தசைக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் தொடர்ந்திருப்பார்கள். இன்னொன்று: ஏற்கெனவே உடலுழைப்பு வேலை செய்கிறவர்களையும், தினமும் அரைமணிக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்களையும் ‘நீங்கள் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், இப்போது செய்வதையே விடாமல் செய்யுங்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். தசைக்கு வாக்கிங்கும் வேலையும் ஒன்றே.

மூட்டை தூக்குவதே நல்ல மருத்துவம் என்று இதற்குப் பொருளில்லை. அந்தத் தொழிலாளியின் முதுகெலும்பும் முழங்காலும் ஐம்பது வயதுக்குள் என்ன பாடுபடும் என்பது அந்த வீட்டாருக்குத் தெரியும். அந்தச் சுமை குறைய வேண்டும். ஆனால் சுமை குறைந்த வேகத்தில் அசைவும் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. அதற்குப் பதிலாக யாரும் எதையும் வைக்கவில்லை. சைக்கிள் நிறைந்திருந்த புதுச்சேரித் தெருக்களில் இப்போது பால் பாக்கெட் வாங்கவும் ஸ்கூட்டர் கிளம்புகிறது. 2014இல் வெளியான, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் 14,227 பேரிடம் எடுத்த கணக்கில், 54.4 சதவீதம் பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் உடலுக்கென்று ஏதாவது செய்கிறவர்கள் பத்து சதவீதம்கூடத் தேறவில்லை.

இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து மக்களைக் கடிந்துகொள்வது சுலபம். சென்னைத் திருமங்கலம் ஏசியாட் காலனியில் நடந்ததைப் படித்தால் அப்படிப் பேச மனம் வராது. 1990களின் பிற்பகுதியில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் அங்கும், தியாகராய நகர் பாரதி நகரிலும் சர்க்கரை நோய்க் கணக்கெடுத்தார்கள். ஏசியாட் காலனி நடுத்தர வருவாய்க் குடும்பங்கள். பாரதி நகர் ஏழை உழைப்பாளிகள். காலனியில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, பாரதி நகரில் 6.5. காலனிவாசிகளிடம் ஆய்வாளர்கள் முடிவுகளைச் சொல்லி, உடலசைவின் அவசியத்தை விளக்கினார்கள். கேட்டுவிட்டுக் கலைந்து போயிருக்கலாம். ஆனால் அவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு பூங்கா கட்டினார்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் அந்தக் காலனியில் 14.2 சதவீதமாக இருந்தது, பின்னர் 58.7 சதவீதமாக உயர்ந்தது. அதே மனிதர்கள்தான், அதே ஊர்தான். நடக்க ஓர் இடம் மட்டும் புதிதாக வந்தது.

பத்து ஆண்டு கழித்து இரு இடங்களிலும் மறுபடி எண்ணினார்கள். ஏசியாட் காலனியில் 12.4 என்பது 15.4 ஆகியிருந்தது. பாரதி நகரில் 6.5 என்பது 15.3. ஏழைகளின் பாதுகாப்பு பத்தே ஆண்டில் கரைந்துவிட்டது. இதற்குப் பூங்காவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, வருவாயும் சாப்பாடும் வேலையும் மாறியிருக்கும். ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் நெஞ்சில் ஏதோ தைக்கும். சொந்தப் பணம் போட்டுப் பூங்கா கட்டிக்கொள்ள பாரதி நகர்க்காரர்களால் ஆகுமா?

புதுச்சேரியிலும் நடையைச் சோதித்த ஒரு முயற்சி உண்டு, சர்க்கரைக்கு அல்ல, ரத்த அழுத்தத்துக்கு. தட்டாஞ்சாவடிக்கு அருகே கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் குருசுக்குப்பத்து இளைஞர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை வாரத்துக்கு மூன்று நான்கு நாள் 50 முதல் 60 நிமிடம் வேகமாக நடக்கவைத்தார்கள். இன்னொரு குழு உப்பைக் குறைத்தது, வேறொன்று யோகா செய்தது. மூன்றுமே பலன் தந்தன. அழுத்தம் அதிகமாக இறங்கியது நடந்த குழுவுக்குத்தான். 2009இல் வெளியான இந்த ஆய்வு இந்த ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் செய்யப்பட்டது என்பதே அதன் பெருமை.

சாவடி என்ற சொல்லுக்கே வழிநடைக்காரர் தங்கி இளைப்பாறும் இடம் என்று ஒரு பொருள் உண்டு. நடையால் பெயர் பெற்ற ஊரில் இப்போது நிம்மதியாக நடக்க இடம் தேட வேண்டியிருக்கிறது. கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்கள் விடுவதில்லை. அந்த ஒரு ஏற்பாட்டால் எத்தனை கால்கள் அங்கே நடக்கின்றன! லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துக்கு விடியற்காலையில் வண்டி போட்டுக்கொண்டு வந்து நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடைக்குக் கடற்கரைக்குப் போக முடியாது. அது வீட்டு வாசலிலேயே கிடைக்க வேண்டும். வழுதாவூர் சாலையிலும் தொழிற்பேட்டைப் பக்கமும் இரவில் நடக்கிறவர் லாரிக்கும், நடைபாதையை அடைத்து நிற்கும் வண்டிகளுக்கும், நாய்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். பெண்களுக்குத் தெருவிளக்கும் பிரச்சினை. ‘நடங்கள்’ என்று மருத்துவச் சீட்டில் எழுதுவது பாதி மருந்து. மீதிப் பாதியை நகராட்சிதான் தர வேண்டும்.

அதுவரை வீட்டுக்குள்ளும் வழி உண்டு. மாடிப்படி இருந்தால் ஏறி இறங்கலாம். மொட்டைமாடியில் நடக்கலாம். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் தசை வேலை செய்யும். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதைப் பத்து முறை செய்தால் தொடைக்கு அதுவே பளுதூக்கல். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது இப்படித் தசையைப் பலப்படுத்துவது அவசியம். வயதாக ஆகத் தசை கரைகிறது, கரைந்தால் கிடங்கும் சிறுத்துப்போகும். வீட்டைப் பெருக்கித் துடைப்பதும் கணக்கில் சேரும். அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது மட்டும் அவ்வளவாகச் சேராது. நடையின் வேகத்துக்கு எளிய அளவு ஒன்று உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

சர்க்கரை பார்க்கும் மெஷின் வீட்டில் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒருநாள் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்து, முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் விரல் நுனியைக் குத்திப் பார்ப்பது. மறுநாள் அதே மூன்று தோசை, அதே சட்னி, சாப்பிட்டுக் கால்மணியில் எழுந்து பதினைந்து நிமிட நடை, அதே இரண்டு மணி நேரத்தில் இன்னொரு சொட்டு. இரண்டு எண்களையும் காலண்டர் தாளில் குறித்து வைத்தால் யாரும் யாருக்கும் உபதேசம் செய்ய வேண்டியிருக்காது. மூச்சு வாங்க ஓடிவிட்டு உடனே பார்த்தால் சில சமயம் சர்க்கரை ஏறியிருக்கும். கடும் உழைப்பில் அட்ரினலின் சுரந்து, கல்லீரல் தன் கையிருப்பை அவிழ்த்துவிடுவதால் வரும் தற்காலிக ஏற்றம் அது. பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும், கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நடை நடந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அறிகுறி. 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார வேண்டும். கால்மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நடக்கும்போது சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலமோ நாலு மிட்டாயோ இருப்பது நல்லது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. நெஞ்சுவலி உள்ளவர்களும், சர்க்கரையால் கண்ணில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும், பளு தூக்க வேண்டும்.

கடைசியாகக் கால். பல ஆண்டு சர்க்கரை இருந்தவர்களில் பலருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். முள் குத்தினாலும் தெரியாது, செருப்பின் வார் உரசிக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. வெறுங்காலோடு வெயில் தரையில் கோயிலைச் சுற்றி வந்தால் தோல் பொசுங்கியதுகூட மறுநாள்தான் தெரியும். ஆகையால் காலுக்குப் பொருந்தும் ஷூவும் பருத்தி சாக்ஸும் ஆடம்பரம் அல்ல. நடந்து வந்ததும் கால்களைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டினால் உள்ளங்கால் முழுதும் தெரியும். கண் மங்கிய தாத்தாவாக இருந்தால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்: சிவந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, கட்டைவிரலுக்கு அடியில் ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று.